வல்லினமா, இடையினமா?

அத்தியாயம் ஏழு

சென்ற அத்தியாயத்தில் இளஞ்செழியன் வீட்டு வாசலில் வந்திறங்கிய அவருடைய தமக்கை தங்கமணியையும், அவருடன் இறங்கிய இரண்டு அண்டாக்களையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். மறந்திருந்தாலும் குற்றமில்லை. இளஞ்செழியனின் மனைவி ஜெயசுதாவால் மட்டும் மறக்க இயலவில்லை. அண்டாக்களில் ஒன்று காரின் பின்னிருக்கையில், அவள் முழங்காலை இடித்தபடி உட்கார்ந்திருந்தது.

காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. புளிசாதம் ஆறாமல் மூடினால் வியர்த்துவிடும் என்றார் தங்கமணி. ஆறியது. தயிர்சாதத்துக்குத் தாளிக்க வேண்டும் என்றார். தாளித்தாயிற்று. அதற்குள் ஏழரை ஆகி, புதன்கிழமை எமகண்டம் தொடங்கிவிட்டது. ஒன்பது வரை யாரும் வாசற்படி தாண்டக் கூடாது. கார் கள்ளக்குறிச்சியை விட்டு நகர்ந்தபோது மணி ஒன்பதரை.

இந்தக் கார் இவ்வழியில் நகர்வதற்கு ஒன்பது கோடைகள் ஆகியிருந்தன. மகள் ராதிகா மூன்றாம் வகுப்பு படித்தபோது, கல்வராயன் மலை ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று இளஞ்செழியன் வாக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு போர்வெல்லில் மோட்டார் சிக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு ஒரு கல்யாணம். அதற்கடுத்த ஆண்டு, பைகளைக் காரில் ஏற்றிய பிறகு, ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்தது. மீதிக் கோடைகளுக்கான காரணங்களை அவரே மறந்துவிட்டார்.

இந்த ஆண்டு ராதிகா தந்தையை எதிர்பார்க்கவில்லை. மலையில் கூடாரம் வாடகைக்கு விடும் செல்லனிடம் தானே பேசி, தன் பெயரிலேயே இரண்டு கூடாரங்களுக்குச் சொல்லிவைத்தாள். மூன்று பேர், இரண்டு இரவுகள். சனிக்கிழமை அவள் கோவைக்குப் போகிறாள். அங்கே ஒரு கல்லூரியில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, அன்றுதான் விடுதி திறக்கிறார்கள்.

அந்த இரண்டு இரவுகளுக்காக ஜெயசுதா ஏங்கியிருந்தாள் என்று சொல்வது மிகையாகாது. அவள் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. கடந்த இரண்டு ஆண்டுகளாக வீட்டிலும் ஆசிரியையாகவே இருந்துவிட்டாள். படித்தாயா, எழுதினாயா, எத்தனை மதிப்பெண் என்பவற்றைத் தவிர மகளிடம் அவள் பேசிய வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தண்ணீருக்கு அருகே மகளோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், எதையும் திருத்தக் கூடாது என்று தனக்குத்தானே உறுதி செய்துகொண்டிருந்தாள்.

அந்த உறுதி ஞாயிற்றுக்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தது. அன்று இளஞ்செழியன் தொலைபேசியில் தமக்கையிடம் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, பேச்சு முடிக்கும் மரியாதைக்காக, "நீயும் வாயேன்க்கா" என்றார். சங்கராபுரத்திலிருந்து தங்கமணி வந்துவிட்டார்.

"அது சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டது சுதா" என்று அவர் பிறகு மனைவியிடம் விளக்கம் சொன்னார்.

"பேச்சுக்குக் கேட்டதுக்கு ரெண்டு அண்டா வந்துக்குது" என்றாள் ஜெயசுதா.

இன்று காலை ராதிகா காரில் ஏறவில்லை. பள்ளியில் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும், அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும், நீங்கள் முன்னால் போய்க் கோமுகி அணையில் இருங்கள், நான் பஸ்ஸில் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றாள். தாய் முகம் வாடியதைக் கண்டு, பின்னிருக்கையை எட்டிப் பார்த்து, "அப்டியே வந்தாலும் நான் எங்க உக்கார்றது, அண்டாக்குள்ளயா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஜெயசுதா ஏமாந்துபோனாள்.

அணைக்கரை மரநிழலில் தங்கமணி பாய் விரித்தார். காலையில் வீட்டில் இட்லி உண்டவர்கள் பத்தரை மணிக்குப் புளிசாதம் உண்ண நேர்ந்தது. வேண்டாம் என்ற ஜெயசுதாவின் தட்டில், கம்மியாக வைத்திருக்கிறேன் என்று சொல்லி இரண்டு கரண்டி விழுந்தது. இளஞ்செழியன் மூன்றாம் முறை வாங்கி உண்டார். வேண்டாம் என்ற சொல் அவருக்கு வருவதில்லை. அதற்குப் பதிலாக அவர் "பாக்கலாம்" என்பார். பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் ஜெயசுதா அதற்கு 'முடியாது' என்று பொருள் கண்டிருந்தாள். அவருடைய தமக்கையோ, பிறந்தது முதல் அதற்குச் 'சரி' என்றே பொருள் கொண்டிருந்தார்.

சென்ற மாதம் ஓர் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், தன் மகன் வெங்கடேசனுக்கு ராதிகாவைக் கேட்டார் தங்கமணி. வெங்கடேசன் கள்ளக்குறிச்சியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன், இருபத்தெட்டு வயது, நல்ல பிள்ளை. அன்றும் இளஞ்செழியன் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் சொல்லியிருந்தார்.

பதினொன்று பத்துக்கு ஜெயசுதாவின் கைப்பேசியில் ராதிகாவின் செய்தி வந்தது. அவள் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டும் தலைமுறையைச் சேர்ந்தவள். அதற்காகத் தாயிடம் வாங்கிய திட்டுகள் ஏராளம். முதலில் ஈ, ஆர், ஐ என்று மூன்று எழுத்துகள். அதன் பின் 'போறேன்'. அடுத்த வரியில், 'எனக்காக வெயிட் பண்ண வேணாம்'.

"ஏரி போறேன்னு போட்டுக்கறா" என்றாள் ஜெயசுதா. வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்து நேரே ஏரிக்குப் போகிறாள் போலும் என்று விளக்கமும் அவளே சொன்னாள். 'ஏரிக்கு' என்று எழுதக்கூடத் தெரியவில்லை, வேற்றுமை உருபைத் தின்றுவிட்டாள் என்று மனத்துக்குள் ஒரு சிவப்புக் கோடும் போட்டாள். திரும்ப அழைத்தாள், மகள் எடுக்கவில்லை. பஸ் இரைச்சலில் கேட்டிருக்காது என்று எண்ணிக்கொண்டாள்.

மலைப்பாதையில் முதல் வளைவுகளிலேயே தங்கமணிக்குக் குமட்டியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி முன்னிருக்கையில் கண்களை மூடிக்கொண்டார். மூன்று இடங்களில் காரை நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது இடத்தில் ஒரு குரங்கு வாழைப்பழச் சீப்பைப் பறித்துச் சென்றது. அதற்கு அந்த அம்மையார் குரங்கை விட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றாத தம்பி மனைவியைக் கடிந்துகொண்டார். சாமிக்கு வைத்திருந்த பழமாம்.

ஏரிக்கரையில் எந்தச் சாமிக்கு என்று ஜெயசுதா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"நாலே முக்காலுக்குள்ள போய்டலாம் இல்ல தம்பி?" என்றார் தங்கமணி, கண்களைத் திறவாமலே.

நாலே முக்காலுக்கு என்ன இருக்கிறது என்று ஜெயசுதா கணவரைப் பார்த்தாள். இளஞ்செழியன் பாட்டின் ஒலியைக் கூட்டினார்.

இரண்டு மணிக்கு ஏரி வந்தது. மரங்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீர்; கரையில் நீல நிறத்தில் இரண்டு கூடாரங்கள். ஒன்பது கோடைகள் காத்திருந்ததற்கு அந்தக் காட்சி தகும் என்றே ஜெயசுதாவுக்குத் தோன்றியது. ஆனால் கரையில் ராதிகா இல்லை.

துணியாலான வீட்டில் தான் படுக்க இயலாது, ராத்திரி நரி வந்தால் கதவு எங்கே என்று தங்கமணி தொடங்கினார். செல்லனின் மனைவி பெருமாயி பொறுமையாக ஜிப்பை இழுத்து, இதுதான் கதவு என்று காட்டினாள். அது கதவு அல்ல, கைப்பை என்றார் தங்கமணி.

செல்லன் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பெண் எங்கே என்று கேட்டான். முன்னமே பஸ்ஸில் வந்திருப்பாளே என்றாள் ஜெயசுதா. அவன் யோசித்தான்.

"பன்னெண்டு மணி வண்டியும் வந்துட்டுது, ஒன்றரை வண்டியும் வந்துட்டுதுங்கம்மா. காலேஜி புள்ள யாரும் எறங்கல. கீழ வண்டி ஏறுச்சான்னு கேட்டீங்களா?"

ஏறுச்சா.

ஜெயசுதா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு நடந்துபோய்க் காரின் பின்கதவைத் திறந்தாள். கூடாரத்துக்கான போர்வைகள், அடுப்பு, தன் பை, கணவரின் பை. மகளுடைய பை இல்லை. இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஈரத் துணியால் மூடிய ஒரு தாம்பாளம் இருந்தது. துணியை விலக்கினாள். அரக்கு நிறப் பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், ஒரு டஜன் கண்ணாடி வளையல், வாழையிலையில் சுற்றிய நான்கு முழம் மல்லிகை. பழம் மட்டும் இல்லை. அதைக் குரங்கு கொண்டுபோயிருந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால், பெண் அவர்களுடையவள் என்று பொருள். மாப்பிள்ளை வர வேண்டிய தேவையில்லை. பெண்ணைக் கேட்க வேண்டிய தேவையும் பலருக்கு இருப்பதில்லை.

அவள் கைப்பேசியை எடுத்துச் செய்தியை மறுபடியும் படித்தாள். ஈ, ஆர், ஐ. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் அவள் எழுதும் பாடம் அது: ஏரி என்றால் நீர்நிலை, இடையின ரகரம், ஏறி என்றால் மேலே போய், வல்லின றகரம். ஒலியில் தடுமாறாதீர்கள் என்று பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறாள். ராதிகா ஏரிக்குப் போவதாக எழுதவில்லை. ஏறிப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இளஞ்செழியன் கரையோரம் அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருந்தார். அவள் அருகில் சென்றாள்.

"இந்தத் தட்டு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கல்லைக் கீழே வைத்தார். "அக்கா சும்மா பூ மட்டும்தான் வெக்கறேன்னாங்க சுதா. படிப்பு பாட்டுக்குப் படிப்புன்னாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

அவர் ஏரியைப் பார்த்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டதே தன் பிழை என்பதை ஜெயசுதா உணர்ந்தாள்.

மகள் பஸ் ஏறிப் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னாள். எங்கே என்றார். தெரியாது என்றாள். விடுதி சனிக்கிழமைதானே திறக்கும், இன்று புதன்கிழமைதானே, அதுவரை எங்கே இருப்பாள் என்று அவர் வரிசையாகக் கேட்டார். அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் அவளுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவைதான்; அவரும் கேட்டது எரிச்சலை மூட்டியது. அவர் முகம் வெளிறியிருந்ததால் திட்டவும் மனம் வரவில்லை.

ஏரிப்பக்கம் கைப்பேசிகள் செத்துக் கிடந்தன. காலியாகக் கிடக்கும் சாமைக் கொல்லைக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும் என்றாள் பெருமாயி. ஜெயசுதா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். பாறை வெயிலில் காய்ந்து காலைச் சுட்டது. உச்சியில் ஒரு கோடு வந்தது, போனது, மீண்டும் வந்தது.

நான்காம் முறை அழைத்தபோது ராதிகா எடுத்தாள்.

பின்னால் பஸ் நிலைய இரைச்சல். எங்கேடி இருக்கிறாய் என்று ஜெயசுதா கத்தவில்லை. கத்துவதற்காகத்தான் வாயைத் திறந்தாள்; அதற்குள் மகளே பேசினாள். சேலம் வந்து சேர்ந்துவிட்டாளாம். நன்றாக இருக்கிறாளாம். சாப்பிட்டாளாம். தாம்பாளத்தைப் பற்றி நேற்றே தெரியுமாம்.

"தெரிஞ்சா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் ஜெயசுதா.

"சொன்னா நீ இன்னா சொல்லுவம்மா? அப்பாவக் கேளுன்னுவ. டூர் போணும்னா அப்பாவக் கேளு. சைக்கிள் வேணும்னா அப்பாவக் கேளு. அப்பாக்கு எதுவும் வேணாம்னு சொல்ல வராதுன்னு உனுக்குத் தெரியும். தெரிஞ்சே அவர்கிட்ட அனுப்புவ."

ஒன்பது கோடைகளையும் ஜெயசுதா கணவரின் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தாள். அவற்றில் ஒன்றிலாவது தானே காரை எடுத்திருக்கலாமே, தானே போகலாம் என்று சொல்லியிருக்கலாமே என்று இதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

"அழறியாம்மா?"

"இல்ல. பாறை சுடுது." உண்மையில் இரண்டும்தான். "ராத்திரிக்கு எங்க இருப்ப?"

ராதிகா குரலைத் தாழ்த்தினாள். "வெங்கடேசன் மாமாதான் பஸ் ஏத்திக் கூட்டினு வந்தாரு. தாம்பாளம் வருதுன்னு சொன்னதும் அவருதான். இங்க அவருக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க, டீச்சரு. ரெண்டு வருஷமா அவங்களத்தான் கட்டிக்கணும்னு இருக்காரு. அவங்க வூட்லதான் சனிக்கெழம வரைக்கும். அவங்க அம்மாவும் இருக்காங்க. அத்தைக்குத் தெரியாதும்மா. மாமா தானே சொல்றேன்னாரு. நீ சொல்லிடாத."

இணைப்பு அறுந்தது. அறுந்தது ஒரு வகையில் நல்லதாயிற்று. பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது.

தங்கமணி பாறை ஏறி வந்துகொண்டிருந்தார். எப்போது மாற்றினாரோ, மாம்பழ நிறப் பட்டு உடுத்தியிருந்தார். ஒரு கையில் முந்தானை, ஒரு கையில் கைப்பேசி. பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, இந்த வயதில் தன்னைப் பாறை ஏற வைத்த குடும்பத்தைப் பொதுவாகக் குறை சொல்லிவிட்டு, மிச்ச தூரமும் ஏறினார்.

பெண் கிடைத்தாளா, எங்கே இருக்கிறாள், நாலே முக்கால் நல்ல நேரத்துக்கு வந்துவிடுவாளா என்று கேட்டார். கிடைத்தாள், பத்திரமாக இருக்கிறாள், வர மாட்டாள் என்றாள் ஜெயசுதா. தங்கமணிக்கு ஏமாற்றமே தவிரத் தடுமாற்றம் இல்லை. புடவையையும் பூவையும் பெண்ணின் தாய் கையில் கொடுத்தாலும் செல்லும், பெரியவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள், கீழே வா, வாங்கிக்கொள் என்றார்.

அவரைக் கேளுங்கள் அண்ணி என்ற வாக்கியம் ஜெயசுதாவின் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. எத்தனை வசதியான வாக்கியம் அது என்பதை இன்றுதான் அறிந்தாள். அதை விழுங்கினாள்.

"இல்லீங்க அண்ணி. நான் வாங்கிக்க மாட்டேன்."

"இன்னாது?"

"ராதிகாவ உங்க வூட்டுக்குக் குடுக்கறதா இல்லீங்க. அவ படிக்கட்டும். படிச்சி முடிச்சதும் அவ சொல்லட்டும். பூவ எடுத்துக்கினு போயிடுங்க."

தங்கமணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இதைத் தம்பி சொல்லச் சொன்னானா?"

"அவர் சொல்லலீங்க. நான் சொல்றேன்."

கீழே, கரையில், இளஞ்செழியன் தலையை உயர்த்தி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் ஒரு சொல்கூடக் கேட்டிருக்காது.

கோபித்திருந்தால் ஜெயசுதாவுக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த அம்மையார் பட்டுப்புடவையோடு சுடும் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எம் புள்ளைக்கு இன்னா கொறைன்னு சொல்லு சுதா. இருவத்தெட்டு ஆச்சி. எந்தப் பொண்ணு போட்டோ காட்டினாலும் வேணாம்றான். ராதிகான்னா ஒத்துக்குவான்னு நெனச்சேன். தெரிஞ்ச பொண்ணு. எனக்கும் வேற யாரு இருக்கா?"

ஜெயசுதாவும் அருகில் உட்கார்ந்தாள். ஒரு குறையும் இல்லை என்றாள். அது மனமறிந்த உண்மை. அதற்கு மேல் தான் அறிந்ததைச் சொல்லாமல் விட்டாள். அதைச் சொல்லும் உரிமை தன்னுடையதல்ல. மறைப்பதும் இந்த நேரத்தில் நேர்மையாகப் படவில்லை.

அப்போது தங்கமணியின் கைப்பேசிக்கு உயிர் வந்தது. காலையிலிருந்து சேர்ந்திருந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்தன. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகனை அழைத்தார், அவன் எடுக்கவில்லை. கடைக்கு அழைத்தார். அங்கே யாரோ எடுத்தார்கள். தங்கமணி கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார், சரி என்று சொல்லிக் காதிலிருந்து கைப்பேசியை இறக்கினார்.

"காத்தாலயே கடைய வுட்டுட்டு சேலம் போயிருக்கானாம்" என்றார் மெல்ல. பிறகு கழுத்தைத் திருப்பி, ஜெயசுதாவின் கண்களை நேராகப் பார்த்தார்.

"உம் பொண்ணு எங்க இருக்கறதா சொன்ன சுதா?"